சகுனியின் பகடையும் நான் செய்த வீரனும்



சனிக்கிழமை மதியம் நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறோம் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. "காசு வச்சு ஆடுறாங்க சார்" என்று யாரோ ஒரு ஆசிரியரிடம் போட்டும் கொடுத்துவிட்டார்கள். சாரும் கூப்பிட்டு, "தர்மர் எப்படிக் கெட்டார்னு தெரியும்ல?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிலில் பாதி சாருக்கு, மீதிப் பாதி எனக்கே.

முதலில் ஆட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதற்குப் பலகை வேண்டாம், காய் வேண்டாம். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "நீங்க ஒரு பாழடைஞ்ச கோட்டை வாசல்ல நிக்கிறீங்க, உள்ளே உறுமல் கேட்குது, என்ன பண்றீங்க?" என்று கதை சொல்கிறவர் கேட்பார். நாம் செய்வதைச் சொல்லவேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னேசன் என்ற இரண்டு பேர் 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முதல் ஆட்டம். எங்களுக்கு இது பாண்டிச்சேரியில் படிக்கும் ஒரு அண்ணன் மூலமாக வந்தது. கதை சொல்கிறவரை அவர்கள் டன்ஜன் மாஸ்டர் என்கிறார்கள். நாங்கள் கட்டியங்காரன் என்கிறோம். கூத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லவேண்டியதில்லை. ராஜா வருகிறார் என்று அறிவிப்பதும் அவன்தான், வாயில்காப்பானும் அவன்தான், ராஜாவைக் கிண்டல் செய்வதும் அவன்தான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

எனக்குச் சாமி அருள் பெற்ற ஒரு போர்வீரன் வேண்டும் என்று ஆசை. வில்லெடுத்து தூரத்தில் நின்று அடிப்பவன் இல்லை, எதிரி மூச்சுக்காற்று மேலே படுகிற தூரத்தில் நின்று கதாயுதத்தால் அடிப்பவன். இந்த ஆட்டத்தில் அதற்குக் கிளெரிக் என்று ஒரு வகை உண்டு. 1974-லேயே இருந்த மூன்று வகைகளில் அதுவும் ஒன்று. முனையுள்ள ஆயுதம் எதையும் தொடக்கூடாது, கதை மாதிரி மொட்டை ஆயுதம்தான் என்பது பழைய விதி. பிரான்சு நாட்டில் பாயோ என்ற ஊரில் ஒரு நீளமான பழைய தையல் துணி இருக்கிறது. 1066-ல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை அதில் தைத்திருக்கிறார்கள். குதிரை மேல் தடியோடு போகிற ஓடோ என்ற பிஷப்பும் அதில் இருக்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்கு நம்ம பீமன் ஞாபகம்தான் வந்தது.

அண்ணன் கொடுத்தது 2003-ல் வந்த மூன்றரைப் பதிப்பு. ஆட்டம் தெரிந்தவர்கள் அந்தப் பதிப்பின் கிளெரிக்கைப் பார்த்துப் பயப்படுவார்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது லெவலில் கிளெரிக்குக்கு டிவைன் பவர் என்ற மந்திரம் கிடைக்கும். அதைச் சொன்னால் பலத்தில் 6 ஏறும், அடிக்கும் திறமை முழுநேரப் போர்வீரனுக்குச் சமமாக ஆகிவிடும். ஆனால் சில நொடிகள்தான் நிற்கும், லெவலுக்கு ஒரு சுற்று. நியாயமான கட்டுப்பாடு. 2004-ல் வந்த கம்ப்ளீட் டிவைன் புத்தகம் அந்தக் கட்டுப்பாட்டில் ஓட்டை போட்டுவிட்டது. பேய்களை விரட்டுவதற்காகச் சாமி கொடுத்த சக்தியை ஏழு முறை அளவு செலவழித்தால், அதே மந்திரம் 24 மணி நேரம் நிற்கும்! பேய் விரட்டும் சக்தி ஒரு நாளைக்கு 3 தடவை. வசீகரம் 14 வைத்தால் 5. கூடுதல் விரட்டல் என்ற ஃபீட் எடுத்தால் இன்னும் 4 சேர்ந்து 9. அதில் 7 போக மீதி 2. மனிதப் பாத்திரத்துக்கு ஏழாவது லெவல் வரை கிடைப்பது நாலு ஃபீட். இந்தத் தந்திரத்துக்குத் தேவைப்படுவதும் சரியாக நாலு. கணக்குப் பரீட்சையில் விடை முழு எண்ணாக வந்தால் ஒரு சந்தோஷம் வருமே, அந்தச் சந்தோஷம் எனக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மின்சாரம் போன பிறகும் டார்ச் லைட்டில் கூட்டிப் பார்த்தேன்.

பலம் 16, மந்திரத்தால் 22. அடிக்கும் கூட்டெண் 13. இன்னொரு சின்ன மந்திரம் சேர்த்தால் 15. ஓகர் என்று ஒரு மாமிச மலை அரக்கன் இருக்கிறான், அவனுடைய தற்காப்பு எண் 16. நான் பகடையில் 1 போட்டால்தான் தப்புவான். 2 முதல் 20 வரை எது விழுந்தாலும் அடி விழும். அது மட்டுமா, அடிபட்டால் நானே வைத்தியம் பார்த்துக்கொள்வேன்.

மூன்று சனிக்கிழமை ஆடினோம். முதல் வாரம் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் வாரம் கட்டியங்காரன் எங்கள் மேல் ஏவிய அரக்கர்களின் பலத்தை ஏற்றினாள். ஆமாம், எங்கள் கட்டியங்காரன் ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு. எனக்குத் தாங்குகிற மாதிரி ஏற்றினால் மற்ற மூன்று பேரும் ஒரே அடியில் விழுந்தார்கள். அவர்களுக்குத் தாங்குகிற மாதிரி இறக்கினால் நான் ஒருவனே முடித்துவிடுவேன். மூன்றாம் வாரம், போர்வீரன் பாத்திரம் வைத்திருந்த என் நண்பன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன், தன் முறை வந்தபோது பகடையை எடுக்கவே இல்லை. "நீயே அடிச்சிருவ. நான் எதுக்குடா உருட்டணும்?" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வகுப்பில் பேசுகிறான், டிபன் பாக்ஸில் பங்கு கொடுக்கிறான், ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

இங்கேதான் சார் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. தர்மர் பகடை ஆடியதால் மட்டும் கெட்டுவிடவில்லை சார். எதிரே உட்கார்ந்தவன் உருட்டியது பகடையே இல்லை. சகுனி நினைத்த எண்தான் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. எது விழும் என்று தெரிந்த பிறகு அது ஆட்டமா? நம் வீட்டுப் பாட்டிகள் ஆடுகிற தாயத்தில் எத்தனை நல்லவளாக இருந்தாலும் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதனால்தான் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இருபதில் பத்தொன்பது எண்ணை எனக்கே பட்டா போட்டுக்கொண்ட நான் என்ன செய்திருக்கிறேன்? காசு வைக்காத சகுனி, அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் பலமான பாத்திரமே செய்யக்கூடாதா? சில நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லோரும் சமமாக, நோஞ்சானாக இருக்கவேண்டுமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலசாலி கதைக்கு வேண்டும். பலசாலியை எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயம். அதற்கு அமெரிக்கப் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. நம் தென்னாற்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்காரர்களுக்கு அது எப்போதோ தெரியும்.

பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. படிப்பது பெரும்பாலும் வில்லிபுத்தூரார் பாரதம். அவரும் நம்ம திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர் என்பார்கள். ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தத் திருவிழாக்களைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1988-லும் இரண்டாம் பாகம் 1991-லும் வந்தன. நாம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் பார்ப்பதை அவர் கடல் தாண்டி வந்து எழுதிப் போயிருக்கிறார்.

அந்தப் பீமனை ஒரு பாத்திரத் தாளில் எழுதிப் பாருங்கள். வாயு மகன். சின்ன வயதிலேயே விஷம் கொடுத்து ஆற்றில் போட்டார்கள், நாகலோகம் போய் யானைகளின் பலத்தோடு திரும்பினான். பகாசுரனுக்குப் போகவேண்டிய வண்டிச் சோற்றை அவன் எதிரிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு அவனைக் கொன்றான். இவ்வளவு பலத்தையும் கொடுத்துவிட்டு, பாரதம் அவனை என்ன செய்கிறது தெரியுமா? சபையில் கட்டிப்போடுகிறது. கண் எதிரே திரௌபதியின் சேலையைப் பிடித்து இழுக்கிறார்கள். அந்த மண்டபத்தையே பெயர்த்துப் போடுகிறவன் அண்ணன் சொல்லுக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். செய்ய முடிந்தது சபதம் மட்டும்: துரியோதனன் தொடையைப் பிளப்பேன். பிறகு 12 வருஷம் காடு, 1 வருஷம் விராடன் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்த சமையல் வேலை. பலம் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருக்கிறது. அனுமார் வேறு வயசான குரங்கு மாதிரி வழியில் படுத்துக்கொண்டு, "வாலை நகர்த்திட்டுப் போப்பா" என்கிறார். நகர்த்த முடியவில்லை!

கடைசியில் துரியோதனனோடு கதாயுதம் தூக்கும்போதாவது சுலபமா? அதுவும் இல்லை. பலத்தில் பீமன் மேல், பழக்கத்தில் துரியோதனன் மேல். காந்தாரி கண்கட்டை அவிழ்த்துப் பார்த்ததில் அவன் உடம்பு வஜ்ஜிரமாகிப் போச்சு என்ற கதையும் உண்டு. கண்ணன் தொடையைத் தட்டிக் காட்ட வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்ற விதியை மீறித்தான் அடிக்கிறான். இரண்டு பேருக்கும் கதை சொல்லிக்கொடுத்த பலராமனே கோபப்பட்டுக் கிளம்பிவிடுகிறான். ஜெயித்த பிறகும் வாயில் கசப்பு.

படுகளத்தன்று காலையில் போய் நின்றிருக்கிறீர்களா? ராத்திரி முழுக்க ஆடிய களைப்போடு பீமன் வேஷக்காரர் வருவார். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருப்பான், ஒரு வீட்டு நீளத்துக்கு. சுற்றிச் சுற்றிச் சண்டை. தொடையில் அடி விழுந்து சிவப்பு கொட்டியதும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், எத்தனை பெண்கள் மேல் சாமி வரும் பாருங்கள். பிறகு அம்மன் கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி. அந்த ஒரு அடிக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது? பீமன் கூட்டெண் 15 என்பதாலா? இத்தனை ராத்திரி அடிக்காமல் இருந்தானே, அதனால். தவிர அந்த அடி அவனுக்காக இல்லை, அவிழ்ந்து கிடக்கிற ஒரு கூந்தலுக்காக. என் வீரன் மூன்று வாரத்தில் நாற்பது அடி அடித்திருப்பான். ஒன்றாவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கே இல்லை.

ஆயுதம் சேர்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பாத்திரத் தாளின் பின்பக்கம் முழுக்க ஆயுதப் பட்டியல்தான். நம் ஊரிலிருந்து பண்ருட்டிப் பக்கம் போனால் திருவதிகை. திரிபுரம் எரித்த தலம். பூமி தேர், சூரியனும் சந்திரனும் சக்கரம், பிரம்மா சாரதி, மேருமலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இதற்கு மேல் ஒரு பட்டியல் உண்டா? எல்லாம் தயாரானதும் சிவபெருமான் ஒரு சிரிப்புச் சிரித்தார், மூன்று கோட்டையும் சாம்பல். பட்டியல் அப்படியே கிடந்தது. தங்களால்தான் காரியம் நடக்கப் போகிறது என்று நினைத்த தேவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! எனக்கு ஆட்டத்தில் இப்படிப்பட்ட ஒரு சிரிப்பு வேண்டும். ஆனால் அதை லெவல் ஏற்றி வாங்க முடியாது.

அதே திருவதிகையில் உழவாரப் படையோடு கோயிலில் புல் செதுக்கிக்கொண்டிருந்தவர் அப்பர். சாமி அருள் பெற்றவர் என்றால் எங்கள் ஆட்டக்காரர்கள் முதலில் பார்க்கவேண்டியது இவரை. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், விஷச் சோறு, மதயானை, கல்லில் கட்டிக் கடல். நாலிலும் தப்பித்தார், ஒருவரையும் திருப்பி அடிக்கவில்லை. அந்தக் கல் மிதந்து வந்து அவர் கரையேறிய இடத்துக்குக் கடலூரில் இன்றைக்கும் கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பெயர். எங்கள் பாஷையில் சொன்னால் சேவிங் த்ரோ நாலும் பாஸ்! சண்டைக்கார பாத்திரம் இல்லைதான். இருந்தாலும் அருள் என்றால் அடிக்கிற பலம் மட்டும் என்று நினைத்த என் மண்டையில் இது கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது.

அரவானையும் சொல்லாமல் விட முடியவில்லை. 32 லட்சணமும் உள்ளவன், அர்ச்சுனன் மகன். கூத்தாண்டவர் என்று கூவாகத்தில் கும்பிடுகிறார்கள். அவ்வளவு பொருத்தமான வீரன் கையில் கதையே போரைக் கொடுக்கவில்லை, களபலியாகக் கொடுத்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் யாராவது ஏழாவது லெவல் வீரனைக் களபலி கொடுப்பார்களா? தாளைக் கொடுங்கடா என்று கேட்டாலே அடிக்க வருவார்கள், நான்தான் முதல் ஆள்.

ஆக என் கருத்து இதுதான். பலமான பாத்திரம் செய்யுங்கள், தாராளமாக. ஆனால் அது யாருக்குக் கட்டுப்பட்டது, எதைச் செய்யாது என்று தாளின் முதல் வரியிலேயே எழுதுங்கள். இது புதுசு இல்லை. 1975-ல் பாலடின் என்ற வகை வந்தது, அறத்துக்குக் கட்டுப்பட்ட வீரன். பிறகு வந்த விதிப் புத்தகத்தில் அவன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தானம் கொடுக்கவேண்டும், மந்திரப் பொருள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது, தெரிந்தே கெடுதல் செய்தால் அருள் போய்விடும் என்றெல்லாம் இருந்தது. நிறையப் பேர் இதைக் கைவிலங்கு என்று திட்டினார்கள். எனக்கு அது சபையில் உட்கார்ந்திருந்த பீமன் மாதிரி படுகிறது. 2014 பதிப்பில் பாலடின் ஒரே முறையில் அருள் அடியை அடுக்கிக்கொண்டே போகலாம் என்றிருந்ததை 2024-ல் முறைக்கு ஒன்றுதான் என்று குறைத்தார்கள். அதற்கும் அழுதார்கள். எனக்கென்னவோ சரி என்றுதான் தோன்றுகிறது.

அந்த 2014 பாலடினுக்கு ஆறாவது லெவலில் வருகிற ஒரு சக்தியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். அவனைச் சுற்றிப் பத்து அடிக்குள் நிற்கிற தோழர்கள், விஷமோ மந்திரமோ எது வந்தாலும் தப்பிக்க உருட்டும்போது அவனுடைய வசீகர எண் அவர்களுக்கும் கூடும். பத்து அடி என்பது நம் வகுப்பறையில் ஆசிரியர் மேசையிலிருந்து இரண்டாவது பெஞ்சு வரை. அதாவது அவன் பலம் முழுசாக வேலை செய்யவேண்டுமென்றால் பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும். தனியாக முன்னால் ஓடினால் அந்தச் சக்தி அவனோடு முடிந்துபோகும்.

இந்த முறை அந்த ஆளைத்தான் செய்திருக்கிறேன். மனிதன், ஆறாவது லெவல், கையில் கதாயுதம். நாலாவது லெவலில் கிடைத்த இரண்டு புள்ளியையும் பலத்தில் போட்டிருந்தால் 18 ஆகியிருக்கும். போடவில்லை. பலம் 16-லேயே நிற்கிறது. ஒன்றை வசீகரத்துக்குக் கொடுத்து அதையும் 16 ஆக்கினேன், இன்னொன்று விவேகத்துக்கு. பக்கத்தில் நிற்பவர்களுக்கு 3 கூடும். தொட்டுக் குணமாக்கும் சக்தி 30 புள்ளி, அதை எனக்காகச் செலவழிப்பதில்லை என்பது சபதம். முதல் வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஓகரை அடிக்க இப்போது ஐந்தில் நாலு தடவைதான் படும் என்று கட்டியங்காரன் கணக்குப் போட்டுச் சிரித்தாள்.

காசு வைத்து ஆடுகிறோமா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால் ஆசிரியர்கள் யார் வேண்டுமானாலும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பாத்திரமும் கொடுப்போம். தமிழய்யா வந்தால் சகுனி வேஷம் அவருக்குத்தான் என்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோம், ஐயா மன்னிக்கவும்.

என் நண்பனுக்கு: உன் போர்வீரன் தாளை நான் கிழிக்கவில்லை. என் கணக்கு நோட்டுக்குள்தான் இருக்கிறது. கோட்டை வாசலில் கதை நின்றுபோன இடத்தில், நீ உருட்டவேண்டிய முறை இன்னும் பாக்கி.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்